மாநிலப் போலீஸ் இமிக்ரேஷன் சட்டத்தைக் கையில் எடுக்கலாமா? அரிசோனாவில் பார்த்தது, டெக்சாஸில் வருவது

பாலைவனத்தான் (சாண்ட்லர், அரிசோனா)

டெக்சாஸில் எஸ்.பி.8 என்று ஒரு சட்டம் 2025ல் நிறைவேறி, 2026 ஜனவரியில் அமலுக்கு வந்தது. சிறை நடத்துகிற கவுண்டி ஷெரிஃப்கள் (மாவட்டப் போலீஸ் தலைவர்கள் மாதிரி) 2026 டிசம்பருக்குள் ஐஸ் என்ற ஃபெடரல் (மத்திய அரசு) குடியேற்ற அமலாக்க அமைப்போடு 287(ஜி) ஒப்பந்தம் போட்டே ஆக வேண்டும். 287(ஜி) தெரியாதவர்களுக்கு: உள்ளூர்ப் போலீஸுக்குப் பயிற்சி கொடுத்து, ஐஸ் மேற்பார்வையில் இமிக்ரேஷன் வேலையைப் பார்க்கவிடும் சட்டப்பிரிவு, 1996ல் வந்தது. இந்தச் செய்தியை ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், வந்த பதில்களில் பாதிக்கு மேல் "நல்லதுதானே, நாம் முறையாக வந்தவர்கள், நமக்கென்ன" என்ற ரகம். எனக்கு அது உறுத்துகிறது. 2010ல் இதே பேச்சை இங்கே அரிசோனாவில் கேட்டவன் நான்.

அந்த வருடம் ஏப்ரல் 23 அன்று கவர்னர் ஜான் ப்ரூவர் எஸ்.பி.1070ல் கையெழுத்துப் போட்டார். செனட்டர் ரஸ்ஸல் பியர்ஸ் கொண்டுவந்தது. வேறு காரணத்துக்காக ஒருவரை நிறுத்தும் போலீஸ்காரர், அவர் சட்டவிரோதமாக இருக்கிறாரோ என்று நியாயமான சந்தேகம் வந்தால் ஸ்டேட்டஸை (இங்கே இருக்கச் சட்ட அனுமதி உண்டா என்பதை) விசாரிக்க வேண்டும் என்றது 2(பி) பிரிவு. பதிவுக் காகிதம் கையில் இல்லாதது மாநிலக் குற்றம். அனுமதியில்லாதவர் வேலை தேடினாலே குற்றம். நாடு கடத்தத் தகுந்த குற்றம் செய்தவர் என்று போலீஸுக்குத் தோன்றினால் வாரண்ட் இல்லாமலே பிடிக்கலாம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2012 ஜூன் 25ல் தீர்ப்பு வந்தது. நீதிபதி கென்னடி எழுதினார். மூன்று பிரிவுகளை ரத்து செய்துவிட்டு 2(பி)யை மட்டும் அப்போதைக்கு விட்டுவைத்தார்கள்.

சட்டத்தை அமல்படுத்துவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை, நானும் வரிசையில் நின்றுதான் வந்தேன். ரோட்டோரத்தில் நிற்கும் ஒரு டிராஃபிக் போலீஸ்காரரிடம், எதிரே இருப்பவர் இந்த நாட்டில் இருக்கலாமா கூடாதா என்று முடிவு செய்யும் வேலையைக் கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன். அந்த முகம் உங்கள் முகமாகவும் இருக்கும். டெக்சாஸ் நண்பர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஃபிரிஸ்கோ_குமரன் (டெக்சாஸ்)

அண்ணே, மரியாதையோடு மறுக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் டெக்சாஸ்காரர்களை எல்லாரும் வில்லனாகவே பார்க்கிறார்கள்.

2021 செப்டம்பரில் டெல் ரியோ பாலத்துக்கு அடியில் ஒரே நேரத்தில் சுமார் 15,000 பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஈகிள் பாஸ் என்பது முப்பதாயிரம் பேர்கூட இல்லாத ஊர், அங்கே சில நாட்கள் ஆயிரக்கணக்கில் ஆற்றைக் கடந்து வந்தார்கள். 2022, 2023 இரண்டு நிதியாண்டிலும் தெற்கு எல்லையில் பதிவான எண்ணிக்கை தலா 20 லட்சத்துக்கு மேல். அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் பணம் எங்கிருந்து வரும்? ஃபெடரல் அரசு கையைக் கட்டிக்கொண்டு நின்றதால்தான் கவர்னர் அபட் ஆபரேஷன் லோன் ஸ்டார் என்ற மாநில எல்லைக் காவல் திட்டத்தைத் தொடங்கி மாநிலப் பணத்தில் 1,000 கோடி டாலருக்கு மேல் கொட்டினார்.

சரி, மாநிலம் தானே சட்டம் போடக்கூடாது என்கிறீர்கள். அப்படியானால் ஃபெடரல் அரசைச் செய்யச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போகலாமா? போனார்கள். 2023 ஜூனில் 8க்கு 1 என்று உச்ச நீதிமன்றம், யாரைப் பிடிப்பது யாரை விடுவது என்பதை எதிர்த்து வழக்குப் போட மாநிலத்துக்கு அருகதையே இல்லை என்று திருப்பி அனுப்பியது. சட்டமும் போடக்கூடாது, வழக்கும் போடக்கூடாது, செலவு மட்டும் ஏற்றுக்கொள் என்றால் அது எந்த ஊர் நியாயம்?

அப்புறம் உங்கள் ஊர் மக்களே 2024 நவம்பரில் புரொபொசிஷன் 314 என்ற மக்கள் வாக்கெடுப்புத் தீர்மானத்துக்கு 60 சதவீதத்துக்கு மேல் ஓட்டுப் போட்டு, எல்லையைத் தவறாகக் கடப்பதை மாநிலக் குற்றம் ஆக்கியிருக்கிறார்களே? அதையும் கணக்கில் எடுங்கள்.

நான் இ.பி-2 கிரீன் கார்டு வரிசையில் பத்து வருடத்துக்கு மேல் நிற்கிறேன். ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றாலும் விசா ஸ்டாம்பிங் கிடைக்குமா என்று யோசித்துத்தான் விமானம் ஏறுகிறேன். விதியை மதித்தவனுக்கு இந்த நிலை. மதிக்காதவரைக் கேள்வி கேட்டால் மட்டும் மனித உரிமையா?

வழக்காடி (நியூஜெர்சி)

இமிக்ரேஷன் வக்கீல் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். குமரன் கேட்ட கேள்வி நியாயமானது, அதற்கு நேரான பதில் தர வேண்டும்.

இந்தச் சண்டை 1870களிலேயே தொடங்கிவிட்டது. கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் போட்டு, கப்பலில் வந்து இறங்குகிறவர்களில் "ஒழுக்கங்கெட்ட" பெண்கள் யார் என்று மாநில அதிகாரியே பார்த்து முடிவு செய்து, பிணைத்தொகை கட்டினால்தான் இறங்கலாம் என்றது. 1874ல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வந்த ஒரு கப்பலில் சீனப் பெண்கள் இருபதுக்கும் மேற்பட்டவர்களை அப்படி நிறுத்திவைத்தார்கள். உச்ச நீதிமன்றம் சை லங் வழக்கில் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. ஒரு மாநிலத்தின் ஒரு அதிகாரி செய்கிற காரியத்துக்கு வெளிநாட்டோடு வம்பு வந்தால் பதில் சொல்ல வேண்டியது மொத்த நாடு, அதனால் இந்த அதிகாரம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் அடிப்படை வாதம். 1939ல் பென்சில்வேனியா தனியாக வெளிநாட்டவர் பதிவுச் சட்டம் போட்டபோதும், 1941 தீர்ப்பில் இதே கதி. 2012 அரிசோனா தீர்ப்பும் அந்த வரிசையில் வந்ததுதான்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1997ல் பிரின்ட்ஸ் வழக்கில், ஃபெடரல் சட்டத்தை அமல்படுத்தச் சொல்லி உள்ளூர் ஷெரிஃபை வாஷிங்டன் கட்டாயப்படுத்த முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அது துப்பாக்கி வாங்குகிறவர்களின் பின்னணி பார்க்கும் வழக்கு, எழுதியவர் ஸ்கலியா. இன்று கலிபோர்னியாவும் இல்லினாயும் ஐஸுக்கு உதவ மாட்டோம் என்று நிற்பது அந்தத் தீர்ப்பின் மேல்தான்.

ஆக, மாநிலம் உதவலாம், உதவ மறுக்கலாம், தானே ஒரு குடியேற்றக் கொள்கை நடத்தக் கூடாது. 2023 டிசம்பரில் அபட் கையெழுத்துப் போட்ட எஸ்.பி.4 இந்த மூன்றாவதைச் செய்யப் பார்த்தது. ஆற்றைக் கடப்பது மாநிலக் குற்றம், மாநில நீதிபதியே மெக்சிகோவுக்குத் திரும்பிப் போ என்று உத்தரவு போடலாம். மெக்சிகோ அரசோ டெக்சாஸ் அனுப்புகிற யாரையும் ஏற்க மாட்டோம் என்று அப்போதே சொல்லிவிட்டது. அனுப்புவதற்கு நாடே இல்லாத ஒரு நாடு கடத்தல் உத்தரவு. 2024 மார்ச் 19 அன்று சில மணி நேரம் அது அமலில் இருந்தது, அன்று இரவே மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுத்தியது. குமரன் சொன்ன அரிசோனா 314 பற்றியும் ஒன்று சேர்க்க வேண்டும். எல்லைக் கடப்பு குறித்த பகுதி தானாக அமலுக்கு வராது, டெக்சாஸ் எஸ்.பி.4 அல்லது அதுபோன்ற ஒன்று தொடர்ந்து 60 நாள் அமலில் இருந்தால்தான் உயிர் பெறும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

எஸ்.பி.8 வேறு மாதிரி. ஃபெடரல் அரசு திறந்துவைத்திருக்கும் 287(ஜி) வாசல் வழியாகவே மாநிலம் தன் ஷெரிஃப்களை அனுப்புகிறது. சட்டப்படி இதைத் தாக்குவது கஷ்டம். அதனால் சட்டம் செல்லுமா என்பதை விட்டுவிட்டு, எந்த வகை ஒப்பந்தம் என்பதைப் பார்க்கச் சொல்வேன். மூன்று வகை உண்டு. சிறைக்குள் இருப்பவரை விசாரிப்பது ஒன்று. சிறையில் இருப்பவரிடம் ஐஸ் வாரண்டைச் சேர்ப்பிப்பது மட்டும் ஒன்று. மூன்றாவது டாஸ்க் ஃபோர்ஸ், ரோந்து போகும் போலீஸே தெருவில் ஸ்டேட்டஸ் கேட்கலாம். இந்த மூன்றாவதை 2012ல் ஒபாமா அரசு கைவிட்டது, 2025ல் மறுபடி உயிர் கொடுத்திருக்கிறார்கள்.

ஆஸ்டின்_மீனா (டெக்சாஸ்)

"நமக்கென்ன" என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கணவர் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறார். நீட்டிப்பு மனு ஐ-94 (எந்தத் தேதி வரை இங்கே இருக்கலாம் என்ற பதிவு) முடியும் முன்பே போட்டாகிவிட்டது, அப்படிப் போட்டால் 240 நாள் வரை அதே கம்பெனியில் வேலை செய்யலாம் என்பது விதி, இது இங்கே எல்லாருக்கும் தெரியும். ஆனால் டிரைவிங் லைசென்ஸ் ஐ-94 தேதியோடு சேர்ந்து காலாவதி. புதுப்பிக்கப் போன இடத்தில் சரிபார்ப்பு முடியவில்லை என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த இடைவெளியில் ஒரு ராத்திரி, பின்விளக்கு ஒன்று எரியவில்லை என்று வண்டியை நிறுத்தினார்கள்.

போலீஸ்காரர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். லைசென்ஸ் தேதி முடிந்திருக்கிறதே என்றார். இவர் மனு வந்து சேர்ந்ததற்கான 797 ரசீதை எடுத்துக் கொடுத்தார். அந்தக் காகிதத்தை யாராவது கூர்ந்து பார்த்திருக்கிறீர்களா? ஃபோட்டோ கிடையாது. செல்லுபடியாகும் தேதி கிடையாது. உச்சியில் கொட்டை எழுத்தில், இந்த நோட்டீஸ் எந்த இமிக்ரேஷன் ஸ்டேட்டஸையும் சலுகையையும் வழங்கவில்லை என்று அச்சடித்திருக்கிறது. டார்ச் வெளிச்சத்தில் அவர் சரியாக அந்த வரியில்தான் விரலை வைத்து, "இதுவே இல்லை என்று சொல்கிறதே" என்றார். பின்சீட்டில் குழந்தை தூங்குகிறது, நான் 240 நாள் விதியை விளக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு டிராஃபிக் போலீஸ்காரருக்கு அது புரிய வேண்டிய அவசியமும் இல்லை, அவர் வேலை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது. அன்று எச்சரிக்கையோடு விட்டுவிட்டார், ஏனென்றால் ஸ்டேட்டஸ் விசாரிப்பது அவர் வேலையாக இல்லை. அது அவர் வேலையாகிவிட்டால் அந்த ராத்திரி எப்படி முடிந்திருக்கும்?

நாங்கள் எல்லா விதியையும் மதித்தவர்கள். குமரன், நீங்கள் நிற்கிற அதே வரிசையில்தான் நாங்களும் நிற்கிறோம்.

ஃபிரிஸ்கோ_குமரன்

அக்கா, படிக்கவே கஷ்டமாக இருந்தது. ஆனால் இது பயிற்சியால் சரிசெய்யக் கூடிய குறை. 287(ஜி)யில் பயிற்சி உண்டு, ஐஸ் தரவுத்தளத்தை நேரடியாகப் பார்க்கும் வசதியும் உண்டு. மனு நிலுவையில் இருந்தால் அதில் தெரியும்.

வழக்காடி

தெரிய வேண்டும், உண்மைதான். எங்கள் அலுவலகத்துக்கு வரும் கோப்புகளைப் பார்த்துச் சொல்கிறேன், தரவுத்தளத்தில் பெயரின் முன்பாதி பின்பாதி மாறிக் கிடப்பது தமிழர்களுக்குச் சர்வசாதாரணம். அப்பா பெயர் கடைசிப் பெயராகப் போய், சொந்தப் பெயர் இருக்கும் இடத்தில் எஃப்.என்.யு (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழுந்த விசாக்கள் எத்தனை! ஒருவருக்கு எஃப்-1 மாணவர் விசாவிலிருந்து எச்-1பிக்கு மாறியது ஒரு அமைப்பில் ஏறி இன்னொன்றில் ஏறாமல் இருந்தது. பல வருடம் இதே வேலையில் ஊறின வக்கீல்கள் கோப்பைப் பார்த்துவிட்டு "எழுதிக் கேட்டால்தான் தெரியும்" என்பார்கள். டாஸ்க் ஃபோர்ஸ் வகைக்கு இப்போது தருவது 40 மணி நேரப் பயிற்சி.

பாலைவனத்தான்

பயிற்சி என்றதும் எனக்கு எங்கள் மேரிக்கோபா கவுண்டிதான் ஞாபகம் வருகிறது. ஷெரிஃப் ஜோ அர்பாயோவின் ஆட்களில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் 287(ஜி) பயிற்சி பெற்றவர்கள். பயிற்சி இருந்தும் என்ன நடந்தது? நாள் கூலிக்கு ஆள் நிற்கும் இடங்களைச் சுற்றி வண்டிகளை நிறுத்தினார்கள். அவர் மேல் வழக்குப் போட்ட முதல் ஆள் சட்டவிரோதமாக வந்தவர் இல்லை, செல்லுபடியாகும் சுற்றுலா விசாவோடு வந்த மெக்சிகோக்காரர். 2007ல் கேவ் க்ரீக் அருகே, வேறொருவர் ஓட்டிய வண்டியில் உட்கார்ந்திருந்தவரை மணிக்கணக்கில் அடைத்துவைத்தார்கள். வேகமாக ஓட்டியதாகச் சொன்னார்கள், ஆனால் ஓட்டினவரைப் போகவிட்டுவிட்டார்கள். ஓட்டினவர் வெள்ளைக்காரர்.

2013ல் நீதிபதி முர்ரே ஸ்னோ, ஷெரிஃப் அலுவலகம் இனம் பார்த்து வண்டி நிறுத்தியது அரசமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னார். அந்த உத்தரவை மதிக்கவில்லை என்று 2017ல் அர்பாயோ குற்றவாளி என்றார்கள், அடுத்த மாதமே ஜனாதிபதி டிரம்ப் மன்னிப்புக் கொடுத்தார். ஷெரிஃப் மாறினாலும் நீதிமன்றக் கண்காணிப்புச் செலவு கோடிக்கணக்கான டாலர் கவுண்டி தலையில். அதைக் கட்டுவது நாங்கள், எங்கள் வீட்டு வரியில். குமரன் தம்பி, லோன் ஸ்டார் செலவைச் சொன்னீர்களே, இதுவும் செலவுதான்.

2016ல் மாநில அட்டர்னி ஜெனரலே ஒரு சமரசத்துக்கு வந்து, ஸ்டேட்டஸ் பார்ப்பதற்காக மட்டும் வண்டியை நிறுத்திவைக்கவோ நேரத்தை நீட்டவோ கூடாது என்று போலீஸுக்கு வழிகாட்டுதல் கொடுத்தார். ஆறு வருடம் கழித்து 1070ல் மிஞ்சியது அவ்வளவுதான்.

ராக்கெட்சிட்டி_செல்வம் (ஹண்ட்ஸ்வில், அலபாமா)

அரிசோனாவையே எல்லாரும் பேசுகிறீர்கள், அதைவிடக் கடுமையானது எங்கள் எச்.பி.56, 2011. பள்ளிக்கூடம் புதிதாகச் சேரும் பிள்ளைகளின் ஸ்டேட்டஸைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று அதில் இருந்தது. டெக்சாஸ் வழக்கு ஒன்றில் 1982லேயே பிளைலர் தீர்ப்பு, ஸ்டேட்டஸ் இல்லாத பிள்ளைகளுக்கும் பள்ளி உண்டு என்று சொல்லியாகிவிட்டது. ஆனாலும் செப்டம்பர் கடைசியில் ஒரு நீதிபதி அந்தப் பிரிவை அமலாக விட்டதும், அடுத்த திங்கட்கிழமை மாநிலம் முழுக்கச் சுமார் 2,000 ஹிஸ்பானிக் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. அவர்களில் பலர் இங்கேயே பிறந்த குடிமக்கள். அக்டோபரில் மேல்நீதிமன்றம் நிறுத்துவதற்குள் எத்தனையோ குடும்பம் ராத்திரியோடு ராத்திரியாக ஊரைக் காலி செய்துவிட்டது.

அந்த வருடம் வடக்கு அலபாமாவில் தக்காளி செடியிலேயே அழுகியது. பறிக்க ஆளில்லை. உள்ளூர்க்காரர்களைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், வந்தவர்கள் மத்தியானத்துக்கு மேல் தாங்கவில்லை. பக்கத்து ஜார்ஜியாவிலும் அப்போது அதே மாதிரிச் சட்டம், கவர்னர் டீல் நன்னடத்தைக் காலத்தில் வெளியே இருக்கும் குற்றவாளிகளை வயலுக்கு அனுப்பலாம் என்று சொல்லிப் பார்த்தார், அதுவும் ஓடவில்லை. நவம்பரில் டஸ்கலூசாவில் மெர்சிடிஸ் கம்பெனியின் ஜெர்மன் அதிகாரி ஒருவர் வாடகைக் காரில் போனபோது லைசென்ஸ் கையில் இல்லை என்று பிடித்து உள்ளே வைத்தார்கள். அப்போதுதான் மாநிலத்துப் பெரிய மனிதர்களுக்கு இது தங்கள் தொழிற்சாலையைத் தொடும் விஷயம் என்று உறைத்தது. 2013ல் மாநில அரசே இறங்கி வந்து பல பிரிவுகளை நிரந்தரமாகக் கைவிடச் சம்மதித்தது.

எனக்கு ஆறாத கோபம் அந்தப் பள்ளிக்கூடப் பிரிவின் மேல்தான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் டீச்சரை இமிக்ரேஷன் அதிகாரியாக்க நினைத்தவர்களை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

உறையூரான் (திருச்சி)

ஊரில் இருந்து ஒரு குறுக்கீடு. அமெரிக்காவில் மாநிலத்துக்கு இல்லாத அதிகாரம் நம் ஊரில் மாநிலத்துக்கு உண்டு. வெளிநாட்டவர் சட்டம் ஒன்றியத்துடையது, ஆனால் ஒருவர் இந்த இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று உத்தரவு போடும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்குக் கைமாற்றி வைத்திருக்கிறார்கள். அதை வைத்துத்தான் திருச்சி மத்தியச் சிறை வளாகத்தில் சிறப்பு முகாம் நடக்கிறது. வழக்கில் ஜாமீன் கிடைத்த ஈழத்தமிழர், தண்டனை முடித்தவர், வாசலைத் தாண்டியதும் அடுத்த உத்தரவில் அங்கே வந்து சேர்வார். 2022 நவம்பரில் ராஜீவ் வழக்கில் உச்ச நீதிமன்றமே விடுதலை செய்த பிறகும், இலங்கைக் குடியுரிமை உள்ள நால்வர் நேராக இங்கேதான் கொண்டுவரப்பட்டார்கள். அங்கே நடந்த உண்ணாவிரதங்களுக்குக் கணக்கில்லை. கியூ பிரிவு உளவுப் போலீஸ் காரணம் காட்டும், மாநிலம் ஒன்றியத்தைக் காட்டும், ஒன்றியம் மாநிலத்தைக் காட்டும். யார் பொறுப்பு என்று தெரியாத அதிகாரம் எவ்வளவு கொடியது என்பதை நாங்கள் பக்கத்தில் இருந்து பார்க்கிறோம். அமெரிக்காவில் இருக்கும் தமிழர்கள் அதைக் கைதட்டி வரவேற்பதுதான் எனக்கு ஜீரணமாகவில்லை.

ஃபிரிஸ்கோ_குமரன்

உறையூரான் சார், திருச்சி முகாம் வேறு, இது வேறு. அங்கே அகதிகள். இங்கே நான் பேசுவது குற்றம் செய்துவிட்டு உள்ளே போனவனைப் பற்றி. 2015ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கடற்கரைத் துறையில் அப்பாவோடு நடந்து போன ஒரு பெண் குண்டு பட்டு இறந்தார். சுட்டவர் ஐந்து தடவை நாடு கடத்தப்பட்டவர். அதற்குச் சில மாதம் முன்புதான் உள்ளூர்ச் சிறையில் இருந்தார், ஐஸ் ஒப்படைக்கச் சொல்லிக் கேட்டும், அந்த ஊர்க் கொள்கைப்படி சொல்லாமல் வெளியே விட்டார்கள். பிறகு கொலைக்குற்றம் நிரூபணமாகவில்லை என்பது தெரியும், குண்டு தரையில் பட்டுத் தெறித்தது என்றார்கள். ஆனால் அவர் அன்று வெளியே இருந்திருக்கவே கூடாது அல்லவா? இதற்கு இந்த இழையில் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பாலைவனத்தான்

சொல்கிறேன். அவரை ஒப்படைத்திருக்க வேண்டும். இதில் எனக்கு மழுப்பல் எதுவும் இல்லை.

ஆனால் அது சிறை வாசலில் நடக்கும் விஷயம். ஒருவரை வேறொரு குற்றத்துக்காகப் பிடித்தாகிவிட்டது, கைரேகை எடுத்தாகிவிட்டது. 2008ல் தொடங்கிய செக்யூர் கம்யூனிட்டீஸ் ஏற்பாட்டுக்குப் பிறகு எந்த ஊர்ச் சிறையில் எடுத்த கைரேகையும் எஃப்.பி.ஐ வழியாக இமிக்ரேஷன் தரவுத்தளத்துக்கும் போய்விடுகிறது, கலிபோர்னியா உட்பட. ஆள் யார் என்பதில் முகம், நிறம், உச்சரிப்புக்கு இடமே இல்லை. ஐஸ் வந்து வாங்கிக்கொள்ளட்டும், நீதிபதி கையெழுத்துப் போட்ட வாரண்டோடு வந்தால் இன்னும் நல்லது.

ரோட்டில் அப்படி எதுவும் கிடையாது. போலீஸ்காரர் கையில் இருப்பது அவர் கண்ணும் காதும்தான். நியாயமான சந்தேகம் எதிலிருந்து வரும் என்று 2010ல் கவர்னர் ப்ரூவரிடமே நிருபர்கள் கேட்டார்கள், சட்டவிரோதமாக வந்தவர் எப்படி இருப்பார் என்று தனக்குத் தெரியாது என்று அவரே சொன்னார். கையெழுத்துப் போட்டவருக்கே தெரியாததை ரோந்துக் காரில் இருப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? மெக்சிகோக்காரருக்கும் மதுரைக்காரருக்கும் தோல் நிறத்தில் என்ன வித்தியாசம் தெரியும் அவருக்கு?

ஆஸ்டின்_மீனா

இன்னொன்று சொல்ல வேண்டும், இதை ஆண்கள் யாரும் எழுத மாட்டார்கள். நான் இங்கே பெண்களுக்கான ஒரு உதவிக்குழுவில் ஃபோன் எடுக்கிறேன். எச்-4ல் (எச்-1பிக்காரரின் துணைக்கான விசா) வந்த நம் ஊர்ப் பெண்கள் அடி வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் இருப்பது நாம் வெளியே பேசாத விஷயம். அவள் ஸ்டேட்டஸ் புருஷன் கையில் இருக்கிறது, விவாகரத்து ஆனால் எச்-4 போச்சு. சில வீடுகளில் பாஸ்போர்ட்டைக்கூட அவன்தான் பூட்டி வைத்திருப்பான். "போலீஸைக் கூப்பிடு, உன்னைத்தான் பிடித்துப் போவார்கள்" என்று மிரட்டுவான். இதுவரை எங்களால் தைரியமாகச் சொல்ல முடிந்தது, 911 கூப்பிடும்மா, அவர்கள் ஸ்டேட்டஸ் கேட்க மாட்டார்கள், அது அவர்கள் வேலை இல்லை என்று. இனி நான் என்ன சொல்வேன்?

யு விசா என்று ஒன்று 2000லிருந்து இருக்கிறது, குற்றத்துக்கு ஆளானவர் போலீஸுக்கு உதவினால் கிடைப்பது, வருடத்துக்கு 10,000தான். அதற்கு முதல் படியே போலீஸ் அதிகாரி கையெழுத்துப் போட்டுத் தரும் படிவம். ஒரு கையால் அந்தப் படிவம், இன்னொரு கையால் ஸ்டேட்டஸ் விசாரணை என்றால் எந்தப் பெண் அந்தக் கதவைத் தட்டுவாள்?

ராக்கெட்சிட்டி_செல்வம்

மீனா சொல்வதை இங்கே நேரில் பார்த்தோம். 2011ல் வீடு புகுந்து திருடினால்கூட ஹிஸ்பானிக் குடியிருப்பில் யாரும் புகார் கொடுக்கவில்லை, அது தெரிந்து திருடர்கள் அந்த வீடுகளையே குறிவைத்தார்கள். பெரிய ஊர்களின் போலீஸ் தலைவர்கள் பலர் இந்தச் சட்டங்களை எதிர்ப்பதற்கு இதுதான் காரணம்.

ஃபிரிஸ்கோ_குமரன்

மீனா அக்கா எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவளும் எச்-4ல் வந்தவள்தான். ரொம்ப நேரம் பேசினோம்.

என் நிலையைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். ஃபெடரல் அரசு தன் வேலையைச் செய்யாதபோது எல்லையோரக் கவுண்டிகள் சும்மா இருக்க முடியாது என்பதில் மாற்றமில்லை. சான்க்சுவரி என்ற பெயரில் குற்றவாளியை ஐஸுக்குச் சொல்லாமல் விடுவது தவறு, அதிலும் மாற்றமில்லை. சிறைக்குள் ஒப்பந்தம் முழுக்கச் சரி. ஆனால் எல்லையிலிருந்து பல மணி நேரப் பயணத்தில் இருக்கும் எங்கள் டல்லாஸ் பக்கத்துப் புறநகரில், ஸ்கூல் வாசலிலும் கோயில் பார்க்கிங்கிலும் ரோந்துப் போலீஸ் ஸ்டேட்டஸ் கேட்கும் டாஸ்க் ஃபோர்ஸ் வகை தேவையா என்றால், தேவை என்று என்னால் சொல்ல முடியவில்லை. எஸ்.பி.8 எந்த வகை என்று கட்டாயப்படுத்துகிறதா? வழக்காடி சார், இதைக் கொஞ்சம் தெளிவுபடுத்துங்கள்.

வழக்காடி

ஒப்பந்தம் கட்டாயம், அந்த மூன்று வகையில் எது என்பதில் ஷெரிஃபுக்குத் தேர்வு உண்டு. அதனால்தான் முதலிலேயே வகையைப் பாருங்கள் என்றேன். ஷெரிஃப் நீங்கள் ஓட்டுப் போட்டு வருபவர் (கிரீன் கார்டுக்கு நிற்பவருக்கு ஓட்டு இல்லை, ஆனால் உங்கள் தெருவில் குடியுரிமை வாங்கிய தமிழர் பலர் இருப்பார்கள்). கவுண்டி கமிஷனர்கள் கூட்டம் பொதுக்கூட்டம், யாரும் பேர் கொடுத்துச் சில நிமிடம் பேசலாம், விசா கேட்க மாட்டார்கள்.

உங்கள் முதல் பதிவுக்கும் ஒரு பதில் பாக்கி இருக்கிறது. மாநிலம் வழக்கே போட முடியாது என்ற நிலை இப்போது அப்படியே இல்லை, 2025 ஜனவரியில் வந்த லேக்கன் ரைலி சட்டம் சில வகை முடிவுகளை எதிர்த்து மாநில அட்டர்னி ஜெனரல்கள் ஃபெடரல் அரசு மேல் வழக்குப் போட வழி கொடுத்திருக்கிறது. அது எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும்.

எல்லாருக்கும் ஒரு நடைமுறை விஷயம். 18 வயது தாண்டிய வெளிநாட்டவர் பதிவுச் சான்றை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது ஃபெடரல் சட்டத்தில் பல பத்தாண்டுகளாக இருக்கிறது, 2025 ஏப்ரலுக்குப் பிறகு அதைக் கண்டிப்பாகப் பார்க்கிறோம் என்று அறிவித்திருக்கிறார்கள். கிரீன் கார்டு இருந்தால் அசல் கார்டு. எச்-1பி, எச்-4 என்றால் ஐ-94 அச்சுப்பிரதி. மீனா வீட்டு மாதிரி நீட்டிப்பு நிலுவையில் இருந்தால் பழைய 797 ஒப்புதல், புதிய ரசீது இரண்டும் சேர்த்து. வக்கீல் ஃபோன் நம்பரை மனைவி ஃபோனிலும் போட்டு வையுங்கள்.

ஆஸ்டின்_மீனா

குமரன், நீங்கள் பேசப் போனால் லைசென்ஸ் விஷயத்தையும் கேளுங்கள். நீட்டிப்பு நிலுவையில் இருக்கிறவரை என்ன செய்யச் சொல்லி ரோந்துப் போலீஸுக்கு எழுத்தில் உத்தரவு இருக்கிறதா என்று.

ஃபிரிஸ்கோ_குமரன்

கேட்கிறேன் அக்கா. எங்கள் கவுண்டிக் கூட்டத்தில் பேசப் பேர் கொடுக்கப் போகிறேன், குடியுரிமை வாங்கிய நண்பர்கள் இரண்டு பேரும் வருகிறேன் என்றிருக்கிறார்கள். கேட்கப் போவது இவ்வளவுதான்: எந்த வகை ஒப்பந்தம், எத்தனை பேருக்குப் பயிற்சி, 911 கூப்பிடுபவரிடம் ஸ்டேட்டஸ் கேட்பார்களா, நிறுத்தும் வண்டிகளின் ஓட்டுநர் இன விவரத்தைப் பதிவு செய்து வெளியிடுவார்களா, தவறாகப் பிடித்தால் நஷ்டஈடு யார் தலையில். வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமென்றால் இந்த வாரத்துக்குள் இங்கேயே எழுதுங்கள்.